கைவிட்ட லைன்னு எழுதினது யாரு?



தீபாவளி முடிஞ்ச மூணாம் நாள், எங்க வயலோரம் ஒரு பையனைத் திருடன்னு சொல்லி ஒருத்தர் கையைப் பிடிச்சு இழுத்தார். பையனுக்குப் பன்னெண்டு வயசு, ஆடு மேய்க்க வந்தவன். திருடினதாச் சொன்ன பொருள் ஒரு பிளாஸ்டிக் டப்பா. நடந்து மூணு வாரம் ஆச்சு. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம்னு இருந்தேன். ஆறல. அதனால எழுதிடறேன்.

முதல்ல இடத்தைச் சொல்லணும். எங்க ஊரு ஆக்கூருக்கும் திருக்கடையூருக்கும் நடுவுல இருக்கு. காவிரியோட கடைமடை. எனக்கு ஏழு மா நிலம். ஏக்கர்ல சொன்னா ரெண்டேகாலுக்குக் கொஞ்சம் கூட. வயலோட வடக்கு எல்லை ஒரு நீளமான மண்மேடு. ஆள் உயரம் இருக்கும், மேல கருவேலமும் எருக்கும் மண்டிக் கிடக்கு. ஒரு இடத்துல வாய்க்கா அந்த மேட்டைக் குறுக்கே கடக்குது. அங்க செங்கல் வளைவு வச்ச சின்னப் பாலம். அந்தப் பாலத்துக்கு அடியிலதான் எங்க வயலுக்குத் தண்ணி வருது. மேட்டுக்கு ஊர்ல பேரு ‘லயன்’. லயனுக்கு அந்தாண்ட, லயன் ஓரத்து வயல், இப்படித்தான் பேசுவோம். இருபது வயசுப் பசங்களுக்கு ஏன் அந்தப் பேருன்னே தெரியாது.

அது மாயவரம் – தரங்கம்பாடி ரயில் போன பாதை. 1926ல விட்டாங்க, 1986ல நிறுத்திட்டாங்க. முப்பது கிலோமீட்டர்கிட்ட வரும். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், கடைசியில தரங்கம்பாடி. ஒன்பதாவதும் பத்தாவதும் நான் மாயவரத்துல படிச்சப்ப இந்த ரயில்லதான் போனேன். கரி எஞ்சின். ஜன்னலோரம் உட்கார்ந்தா சட்டையெல்லாம் கரித்தூள், அம்மாகிட்ட தினம் திட்டு. சாயந்திர வண்டியில ஒரு பெட்டியில மீன்கூடைக்காரம்மாங்க காலிக் கூடையோட திரும்புவாங்க. இன்னொரு பெட்டியில திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணிக்கப் போற குடும்பம், பட்டுப்புடவையும் பூச்சரமுமா. நடுவுல நாங்க, புத்தகப் பையோட. மல்லியப்பூவும் மீனும் கலந்த அந்த வாசனையை இப்ப எங்க போய்த் தேடுறது.

1926லேர்ந்து 1986. கழிச்சுப் பாருங்க, அறுபது. ஊர் உலகத்துக்கெல்லாம் அறுபதாம் கல்யாணம் நடக்கிற திருக்கடையூர் வழியா ஓடின ரயிலுக்கு அறுபது வருஷத்துல கருமாதி. எங்க அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிச்சு முடிச்சப்புறம் மேட்டைப் பார்த்துக்கிட்டே கொஞ்ச நேரம் பேசாம இருப்பார்.

இனி டப்பா கதை.

ரெண்டு வருஷமா இந்தப் பாலத்துக்கிட்ட வெளியாளுங்க வந்து போய்க்கிட்டு இருந்தாங்க. தோள்ல பை, கையில போன். போனைப் பார்த்துக்கிட்டே மேட்டு மேல நடப்பாங்க, நிப்பாங்க, திரும்புவாங்க, குனிஞ்சு தேடுவாங்க. நாம போய் என்ன தம்பின்னு கேட்டா ‘சும்மா சுத்திப் பார்க்க வந்தோம்’பாங்க. அல்லது செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி உட்கார்ந்துக்குவாங்க. நகரத்துல இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாத் தெரியலாம். டெல்டாவுல கையில கருவி வச்சுக்கிட்டு வயலை அளக்கிற மாதிரி யாராவது நடந்தா எங்களுக்கு அடிவயிறு கலங்கும். மீத்தேன், ஹைட்ரோகார்பன், எரிவாயுக் குழாய்னு பத்துப் பதினஞ்சு வருஷமா நாங்க பட்டது அப்படி. 2020ல இதைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டப்புறமும் அந்தப் பயம் போகல. ஒரு நாள் டீக்கடையில இதே பேச்சு. ஒருத்தர் குழாய் பதிக்க அளக்குறாங்கன்னார். இன்னொருத்தர் ரயில் திரும்ப வரப் போகுது, அதுக்குத்தான் சர்வேன்னார். அதைக் கேட்டு ரெண்டு பேர் சந்தோஷப்பட்டாங்க. ரயில் வரும்ங்கிற பேச்சு எங்க ஊர்ல எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் முளைக்கிற பயிர்.

போன தையில களை பறிக்க வந்த பொம்பளைங்க பாலத்துச் செங்கல் பொந்துல எதையோ பார்த்துட்டுக் கத்திக்கிட்டு ஓடி வந்தாங்க. போய்ப் பார்த்தேன். கறுப்பு டேப் சுத்தின டப்பா. திறந்தா உள்ளே ஒரு சின்னப் பொம்மை, ரெண்டு மூணு வெளிநாட்டுக் காசு, சாவிக்கொத்து, ஒரு குட்டி நோட்டு, பென்சில், சங்கிலியில கோத்த ஒரு தகடு, அதுல ஏதோ எழுத்தும் எண்ணும். பொம்மையைப் பார்த்ததுமே செய்வினைன்னு முடிவு பண்ணிட்டாங்க. அன்னிக்கு மிச்ச வேலை நடக்கல. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு மாதிரிதான் இருந்துது, பொய் சொல்ல மாட்டேன். போட்டோ எடுத்து எம் பொண்ணுக்கு அனுப்பினேன். அது சென்னையில வேலை பார்க்குது. அரை மணி நேரத்துல கூப்பிட்டு, ‘அப்பா, இது ஜியோகேச், விளையாட்டு, இருந்த இடத்துலயே வச்சிருங்க’ன்னுச்சு. வச்சுட்டேன். இதைக் குறிச்சுக்கோங்க. நான் அதைத் தூக்கிப் போடல, உடைக்கல. இருந்த இடத்துலயே வச்சேன்.

விளையாட்டு இதுதான். அமெரிக்காக்காரன் தன்னோட ஜிபிஎஸ் செயற்கைக்கோள்லேர்ந்து பொதுஜனங்களுக்கு வர்ற சிக்னலை வேணும்னே கெடுத்து வச்சிருந்தான். நூறு மீட்டர் வரைக்கும் தப்பாக் காட்டும். 2000 மே மாசம் அந்தக் கெடுதலை நிறுத்தினதும், அதே கருவி பத்து இருபது மீட்டருக்குள்ள சரியாக் காட்ட ஆரம்பிச்சுது. அதைச் சோதிச்சுப் பார்க்கத்தான் மே 3ம் தேதி டேவ் உல்மர்ங்கிறவர் ஆரிகான் மாநிலத்துல ஒரு காட்டுல கறுப்பு வாளி ஒண்ணைப் பாதி புதைச்சு வச்சு, அந்த இடத்தோட எண்ணை இணையத்துல போட்டார். உள்ளே புத்தகம், கவண், ஒரு டின் பீன்ஸ், இப்படிக் கண்டதும் கடியதும். மூணு நாளுக்குள்ள கண்டுபிடிச்சுட்டாங்க. அதுலேர்ந்து பரவி இன்னிக்கு உலகம் பூரா முப்பது லட்சம் டப்பாவுக்கு மேல மறைச்சு வச்சிருக்காங்களாம். கண்டுபிடிச்சவங்க உள்ளே இருக்கிற நோட்டுல பேரும் தேதியும் எழுதிட்டு, டப்பாவைத் திரும்ப அதே இடத்துல வைக்கணும். உள்ளே இருந்து ஒரு பொருளை எடுத்தா அதே மதிப்புக்கு இன்னொண்ணைப் போடணும். எண் போட்ட அந்தத் தகடு மட்டும் தனி. அதை ஒருத்தர் எடுத்துப் போய் வேற ஊரு டப்பாவுல போடுவார். அங்கேர்ந்து இன்னொருத்தர். இப்படி ஊர் ஊராப் போறதுதான் அதோட வேலை.

கேட்டப்ப எனக்குப் பிடிச்சிருந்துது. நாங்களும் சின்ன வயசுல வைக்கப்போருக்குள்ள காசை ஒளிச்சு வச்சு விளையாடியிருக்கோம். ஐம்பது அறுபது கிலோமீட்டர் பைக் ஓட்டி வந்து ஒரு பழைய பாலத்தைப் பார்க்கிறான்னா அதுல தப்பு என்ன இருக்கு? விளையாட்டு மேல எனக்குப் பகை கிடையாது. இதையும் குறிச்சுக்கோங்க.

ஆனா பொண்ணு அந்த விளையாட்டோட விதிகளையும் படிச்சுச் சொல்லுச்சு. நல்ல விதிங்க. நிலத்துக்காரர்கிட்ட அனுமதி வாங்கித்தான் வைக்கணும். புதைக்கக் கூடாது, தோண்டக் கூடாது (முதல் ஆளே பாதி புதைச்சுத்தான் வச்சார், அது வேற விஷயம்). இடத்துக்குச் சேதம் வரக் கூடாது. தின்கிற பொருளை உள்ளே போடக் கூடாது. ஒரு டப்பாவுக்கும் இன்னொரு டப்பாவுக்கும் 161 மீட்டர் இடைவெளி வேணும். டப்பாவுக்கும் டப்பாவுக்கும் எவ்வளவு இடைவெளின்னு மீட்டர் கணக்குல யோசிச்சவங்க, நிலத்துக்காரர்கிட்ட கேளுன்னு எழுதி வச்சவங்க, எங்க பாலத்துக்கு வந்தப்ப யாரைக் கேட்டாங்க? மேடு ரயில்வேயோடது. சரி, அங்க கேட்டாங்களா? வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சுறவன் நான், என்னைக் கேட்டாங்களா? பாலத்துக்குப் போகணும்னா என் வரப்பு மேலதான் நடந்து போகணும். வேற வழி கிடையாது. மேட்டு மேல முள்ளு.

கேட்கலேங்கிறது மட்டுமில்ல, கேட்க ஆளே இல்லைன்னு நினைச்சிருக்காங்க. டப்பாவைப் பத்தின பக்கத்துல இங்கிலீஷ்ல இருக்கிறதைப் பொண்ணு வாசிச்சுக் காட்டுச்சு. கைவிடப்பட்ட ரயில் பாதைன்னு இருக்கு. சுத்தி வயலைத் தவிர ஒண்ணுமில்லைன்னு இருக்கு. உள்ளூர் ‘மக்கிள்’கள் பார்க்காம எடுங்கன்னு இருக்கு. மக்கிள்னா என்னன்னு கேட்டேன். ஹாரி பாட்டர் கதையில மந்திரம் தெரியாத சாதாரண மனுஷங்களுக்கு அந்தப் பேராம். இந்த விளையாட்டுல, விளையாட்டு தெரியாத ஆளுக்கெல்லாம் அந்தப் பேரு. டப்பாவை அப்படிப்பட்ட ஆள் எடுத்துட்டா அதுக்கும் இதே வார்த்தையை வச்சு ஒரு வினைச்சொல் வச்சிருக்காங்க.

வயலைத் தவிர ஒண்ணுமில்லையாம். ஏங்க, வயல்னா அது ஒண்ணுமில்லையா? அந்த ஒண்ணுமில்லாததுலதான் நான் நாப்பது வருஷமா நிக்கிறேன்.

இப்ப தீபாவளிக்கு வர்றேன். லீவு நாள்ல கூட்டம் அதிகம். வெளியூர்லேர்ந்து வீட்டுக்கு வந்தவங்க, பொழுது போகாதவங்க. ஐப்பசி மழையில வரப்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். எங்களுக்கே கால் விரலை ஊன்றி நடக்கணும். மேட்டோரத்து ரெண்டு மாவுல நட்டு இருபது நாள் ஆன சம்பா. முந்தின நாள் சாயந்திரம்தான் யூரியா போட்டு, மடையை அடைச்சுத் தண்ணியை நிறுத்தி வச்சிருந்தேன். காலையில போய்ப் பார்த்தா மடைகிட்ட வரப்பு மூணு முழத்துக்குச் சரிஞ்சு கிடக்கு. ஷூ தடம் அச்சடிச்ச மாதிரி இருக்கு. தண்ணி பூரா வாய்க்காலுக்குப் போயிடுச்சு, உரத்தையும் கூட்டிக்கிட்டு. யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுதான். அதனால இது பெரிய நஷ்டம்னு சொல்ல வரல. அந்த மூட்டை வாங்க சொசைட்டியில ரெண்டு நாள் நின்னதைக் கணக்குல சேர்க்க மாட்டேங்கிறீங்க, அதான்.

இன்னொண்ணு. போன் காட்டுற இடம் கச்சிதமா அந்தச் செங்கல்லையா காட்டும்? மரம் மட்டை இருந்தா பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். அப்ப வர்றவர் அந்தப் பத்து மீட்டர் சுத்துவட்டம் பூராவும் தேடுவார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய இருபத்து மூணு குழி நிலம். அதுல பாதி என் பயிர். ஒவ்வொரு ஆளும் இருபது நிமிஷம் மிதிச்சா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க. சில பேர் ராத்திரியில டார்ச் அடிச்சுக்கிட்டு வந்து பொந்து பொந்தா கையை விடறாங்க. மழைக்காலத்துல அந்தப் பொந்துல யார் குடியிருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியும். போன வருஷம் அதே பாலத்துல ரெண்டு கண்ணாடிவிரியனைப் பார்த்தேன். டப்பா வச்ச மகராசனுக்கு அது தெரியாது, ஏன்னா அவர் யாரையும் கேட்கல.

சரிஞ்ச வரப்புக்கு நான் அண்டை போட்டுக்கிட்டு இருக்கேன், மேட்டுப் பக்கம் சத்தம். போனா, முப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு தம்பி நம்ம ஆட்டுக்காரப் பையனோட கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கிறார். பையன் இன்னொரு கையில டப்பாவை வச்சிருக்கான். உள்ளே மண்புழு. தூண்டில் போட வச்சிருக்கான். மூடி கெட்டியா இருக்கிற டப்பா எந்தப் பன்னெண்டு வயசுப் பையனுக்குத்தான் வேண்டாம்? ‘திருட்டுப் பய, எல்லாத்தையும் எடுத்துட்டான் அங்கிள், வெளிநாட்டுலேர்ந்து வந்த தகடு உள்ளே இருந்துது, அது எங்கன்னு கேளுங்க’ங்கிறார் அந்தத் தம்பி.

இங்க நான் ஒண்ணை மறைக்காமச் சொல்லணும். நானும் முதல்ல பையனைத்தான் பார்த்தேன். ‘ஏன்டா எடுத்தே?’ன்னு அதட்டினேன். வண்டியில வந்தவர் சட்டையைப் பார்த்து என் வாய் அப்படித் திரும்புச்சு. பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ‘கெடந்துச்சு மாமா’ன்னான். அவ்வளவுதான்.

கெடந்துச்சு. சரிதானே? நான் பிறந்த ஊர்ல, எங்க வாய்க்காப் பாலத்துக்கு அடியில, யாரோ ஒருத்தர் சொல்லாமக் கொள்ளாம ஒரு டப்பாவைப் போட்டுட்டுப் போனா அதுக்குப் பேரு கெடக்கிறது. பூட்டு இல்ல, பேரு இல்ல, காவல் இல்ல. தினம் அந்த நிழல்ல உட்கார்ந்து ஆடு பார்க்கிறவன் அவன். வச்சவர் வருஷத்துல எத்தனை நாள் அங்க வந்தார்? யார் இடத்துக்கு யார் வந்தது? டப்பாவைப் பொதுச்சொத்துல வச்சவர் விளையாட்டு வீரர், எடுத்தவன் திருடன். இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்க?

தகடு எங்க போச்சுன்னு கேட்டா, பையன் கையை நீட்டிக் காட்டினான். வெள்ளாட்டுக் கழுத்துல மணியோட சேர்த்துக் கட்டியிருக்கான், பளபளன்னு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்தத் தம்பிக்கு வரல. ஊர் ஊராப் போகணும்னுதானே அதை விட்டீங்க தம்பி, பொந்துக்குள்ள ஒரு வருஷமா சும்மா கிடந்துது, இப்ப தினம் லயன் மேல நாலு கிலோமீட்டர் போய்ட்டு வருதுன்னேன். அப்புறம் சரிஞ்ச வரப்பைக் காட்டினேன். அவர் ஷூவையும் காட்டினேன். முகம் மாறிடுச்சு. கெட்ட பிள்ளை இல்லை. ‘சாரி அங்கிள், தெரியாம நடந்துடுச்சு’ன்னார். என்கிட்ட சொன்னார். பையன்கிட்ட சொல்லல. வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்.

அன்னிக்கு ராத்திரி பொண்ணு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துச்சு. உள்ளூர்க்காரங்க திருடிட்டாங்க, வேற யாரும் தேடிப் போகாதீங்கன்னு புதுசா எழுதியிருக்கு. யார் எழுதினதுன்னு புனைபேரை வச்சு எப்படிச் சொல்றது. அந்த வரி இன்னிக்கு வரைக்கும் அங்க நிக்குது. முப்பது லட்சம் டப்பா இருக்கிற விளையாட்டுல, உலகத்துல எந்த மூலையிலேர்ந்து தேடினாலும், எங்க ஊரைப் பத்தி அவங்களுக்குக் கிடைக்கிற சேதி ரெண்டே ரெண்டு. ரயிலைக் கைவிட்டாங்க. டப்பாவைத் திருடினாங்க.

கைவிட்டது யாருங்க? அதை மட்டும் கொஞ்சம் பேசிடறேன், ஏன்னா சரித்திரப் பாதைன்னு போட்டுத்தான் ஆளைக் கூப்பிடறாங்க.

டெல்டாவுல ரயில் வந்த கதை எல்லாருக்கும் தெரியாது. மாயவரத்திலேர்ந்து முத்துப்பேட்டைக்கு 1894ல லைன் வந்துதே, அது தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்டது. காசு எங்கேர்ந்து வந்துது? நிலத்து மேல ரயிலுக்குன்னு தனியா செஸ் போட்டு விவசாயிங்ககிட்ட வசூல் பண்ணின காசு. எங்க தாத்தன், முப்பாட்டன் நெல்லு வித்த காசு அந்த ஜல்லியில கிடக்கு. தரங்கம்பாடி கதை இன்னும் வேடிக்கை. 1620ல டென்மார்க்காரங்க கோட்டை கட்டின துறைமுகம். 1845ல வெள்ளைக்காரனுக்கு வித்துட்டாங்க. 1861ல நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரமெல்லாம் அங்க போயி, தரங்கம்பாடி படுத்துடுச்சு. ரயில் இல்லாம செத்த ஊருக்கு, அறுபத்தஞ்சு வருஷம் கழிச்சு ரயில் விட்டாங்க. அதையும் வருமானம் இல்லைன்னு நிறுத்திட்டாங்க. போடறப்பவும் நிறுத்துறப்பவும் லயன் ஓரத்து வயல்காரனை யாரும் கூப்பிட்டுக் கேட்கல. தண்டவாளத்தைப் பேத்தாங்க, கட்டையைத் தூக்கினாங்க. இத்தனை வருஷமும் திரும்ப விடுங்கன்னு மனு எழுதிக்கிட்டே இருக்கிறவங்க நாங்க. மனு எழுதுறவன் எப்படிக் கைவிட்டவன் ஆவான்?

இன்னொரு வேடிக்கை. அந்த மேட்டுல நான் நாலு வாழை வச்சா ஆக்கிரமிப்பு. நெல்லைக் காயப்போட்டா ஆக்கிரமிப்பு. சட்டப்படி அது சரிதான், நான் மறுக்கல. எங்க ஆளுங்களும் யோக்கியம் இல்லை. லயனை வெட்டி வீட்டு மனைக்கு மண்ணெடுத்தவங்க இருக்காங்க, குப்பை கொட்டுறவங்க இருக்காங்க. ஆனா ஒருத்தன் சென்னையிலேர்ந்து வந்து அதே மேட்டுல ஒரு பொருளை வச்சு, அதுக்கு எண் கொடுத்து, உலகத்தையே வந்து பாருன்னு கூப்பிட்டா அது ஆக்கிரமிப்பு இல்லை, பொழுதுபோக்கு. எப்படி?

‘டப்பா இருக்கிறதாலதானே உங்க பழைய ரயிலை நாலு பேர் வந்து பார்க்கிறாங்க’ன்னு சொல்லலாம். பொண்ணே சொல்லுச்சு. நியாயமான கேள்வி. வந்தவங்கள்ல எத்தனை பேர் பாலத்தைப் பார்த்தாங்க? டப்பாவைப் பார்த்தாங்க, நோட்டுல கையெழுத்துப் போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, போனாங்க. அந்த நோட்டை நான் புரட்டிப் பார்த்தேன். முப்பத்தொரு பேர் எழுதியிருக்காங்க. ஒருத்தர் கூட இந்த ரயில் எங்கேர்ந்து எங்க போச்சுன்னு எழுதல. வரிசையாப் பேரும் தேதியும்தான்.

ஒரே ஒரு பொண்ணு. கோயம்புத்தூர்னு சொல்லுச்சு. போன மாசி மாசம். வரப்புக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, ‘ஐயா, இது மேல நடக்கலாமா?’ன்னு கேட்டுச்சு. நடம்மான்னேன். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்துச்சு. டப்பாவைப் பார்த்துட்டுத் திரும்பி வந்து, ‘இங்க ஸ்டேஷன் எங்க இருந்துது?’ன்னு கேட்டுச்சு. ஒரு மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தோம். கரி எஞ்சின், மீன்கூடை, அறுபதாம் கல்யாணம், எல்லாத்தையும் சொன்னேன். இளநீர் வெட்டிக் கொடுத்தேன். அந்தப் பொண்ணு மாதிரி நூறு பேர் வந்தாலும் என் வரப்பு தாங்கும்.

விளையாடுறவங்க யாராவது இதைப் படிச்சா, நான் கேட்கிறது இதுதான். ஐப்பசியிலேர்ந்து தை வரைக்கும் வயலோரம் டப்பா வைக்காதீங்க, பயிர் நிக்கிற காலம். வாய்க்காப் பாலம், மதகு, ஷட்டர், இதுங்க பொந்துல எப்பவுமே வைக்காதீங்க, அது தண்ணி போற வழி, பாம்பு இருக்கிற இடம். வைக்கணும்னா பக்கத்துல யார் வயலோ அவங்களைக் கேளுங்க. பேர் சொல்லி, முகம் காட்டிக் கேளுங்க. உங்க விதியே அதைத்தான் சொல்லுது. நாங்க வேண்டாம்னு சொல்ல மாட்டோம், சொன்னாலும் கேட்டுட்டுப் போறதுல ஒண்ணும் குறைஞ்சுடாது. எங்களை மக்கிள்னு எழுதாதீங்க. அப்புறம், உள்ளூர்க்காரங்க திருடிட்டாங்கங்கிற அந்த ஒரு வரியை எழுதினவர் யாரோ, அவரே எடுத்துடணும். இது எனக்காக இல்லை. பையன் ஏழாவது படிக்கிறான், இன்னும் ரெண்டு வருஷத்துல போன் கைக்கு வந்துடும், தேடிப் படிச்சுடுவான்.

டப்பாவை நான் கழுவிக் காய வச்சு, பம்புசெட்டுக் கொட்டகையில ஸ்விட்சு போர்டுக்குப் பக்கத்துப் பலகையில வச்சிருக்கேன். நோட்டு கொஞ்சம் நனைஞ்சிருந்துது, உலர்த்தி உள்ளேயே போட்டாச்சு. பொம்மையும் காசும் இருக்கு, பையனே கொண்டு வந்து கொடுத்துட்டான். மண்புழுவுக்கு அவனுக்கு வேற டப்பா வாங்கிக் கொடுத்தேன், மூடி இதை விடக் கெட்டி. தேடி வர்றவங்க லயன் ஓரமா வராம, ரோட்டுலேர்ந்து வண்டிப்பாதையில நேரா கொட்டகைக்கு வாங்க. காலையில பத்து மணி வரைக்கும் இருப்பேன். பையன் இருந்தா பாலத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவான், அவன்கிட்ட சொல்லியிருக்கேன்.

தகடு மட்டும் இல்லை. அது இன்னும் ஆட்டுக் கழுத்துலதான் இருக்கு. வேணும்கிறவங்க பையன்கிட்ட கேட்டு வாங்கிக்கணும்.